கடலடிப் பாரை ‘வங்கி’ என்று எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீனவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், அவர்களுக்கு ஆங்கிலத்தில் வரும் கடிதங்களையும் அறிவிப்புகளையும் தமிழில் படித்துச் சொல்வதும் பாம்பனில் முப்பது ஆண்டுகளாக என் தொழில். தங்கள் நாளிதழை நான் நாள்தோறும் படிக்கிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்தும் காட்டுகிறேன். அப்படிப் படித்துக் காட்டும்போது ஒரு சொல்லில் வந்து அடிக்கடி தடுக்கி விழுகிறேன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். குமரிமுனைக்குத் தெற்கே கடலில் எண்ணெய், எரிவாயு தேடும் திட்டத்தைப் பற்றி அண்மையில் தாங்கள் வெளியிட்ட செய்தியில், அந்தக் கடற்பகுதி முதல் பத்தியில் ‘வாட்ஜ் பேங்க்’ என்றும், அடுத்த பத்தியில் ‘வாட்ஜ் வங்கி’ என்றும், பெட்டிச் செய்தியில் ‘மீன் வங்கி’ என்றும் வந்திருந்தது. செய்தியின் உள்ளடக்கத்தில் எனக்குக் குறையில்லை. எங்கள் கடலைப் பற்றி அக்கறையோடு எழுதுகிறீர்கள். ஆனால் ‘பேங்க்’ என்ற அந்த ஆங்கிலச் சொல் கடலுக்குள் வரும்போது அதற்குப் பணம் போடும் இடம் என்ற பொருளே கிடையாது என்பதையும், அது குறிக்கும் பொருளுக்கு இந்தக் கரையில் ‘பார்’ என்ற பழைய, இன்றும் புழங்குகிற சொல் இருக்கிறது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இது வெறும் சொல் தகராறு என்று தோன்றக்கூடும். சென்ற ஆண்டு மே மாதம் நடந்ததைச் சொன்னால் அப்படித் தோன்றாது. அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதும், அந்நாட்களுக்கான நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் வந்து சேரும் என்பதும் தாங்கள் அறிந்ததே. அந்த இரண்டு மாதமும் எங்கள் ஊர்களில் ‘வங்கி’ என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான்: பணம் ஏறிவிட்டதா, இல்லையா. அந்த நேரத்தில், கடல்வளப் பாதுகாப்பைப் பற்றி ஓர் அமைப்பு அச்சிட்டுக் கொடுத்த துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு, சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா என்னைத் தேடி வந்தார். தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கல்லிலிருந்து பறிக்கிறவர்கள் விரல் கிழியாமல் இருக்கத் துணி சுற்றிக்கொள்வார்கள். அந்தத் துணியைக்கூட அவிழ்க்காமல், மஞ்சள் பையிலிருந்து சேமிப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து என் மேசை மேல் வைத்துவிட்டு, துண்டறிக்கையின் ஒரு வரியைக் காட்டினார். ‘வங்கிகளில் அளவுக்கு மீறி எடுப்பதைத் தவிர்ப்போம், வங்கிகள் அழிந்தால் நம் வாழ்வாதாரமும் அழியும்’ என்று அச்சாகியிருந்தது.

“தம்பி, எம் மக படிச்சுச் சொல்லுச்சு. பேங்குல அளவுக்கு மேல எடுக்கக் கூடாதாம்ல? நெவாரணப் பணத்த மொத்தமா எடுத்தா ஏதும் புடிச்சுக்கிருவாகளா?” என்று கேட்டார்.

நான் அந்தத் தாளை இரண்டு முறை படித்த பிறகே எனக்குப் புரிந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மூலத்தில் ‘பேங்க்ஸ்’ என்று இருந்திருக்க வேண்டும். மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ட பொருளைப் போட்டுவிட்டார். கடலுக்கு அடியில் மேடாக இருக்கும் பாறை நிலத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, சங்கு குளித்துக் குளித்துக் காது மந்தமாகிப் போன பெரியவர் ஒருவர், வேறு மனுவுக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், சட்டென்று சொன்னார்: “அட, பாரச் சொல்லுறாக தங்கச்சி! பாருல ஒரேயடியா அள்ளாதீகன்னு எழுதியிருந்தா, ஒம் மக படிச்ச ஒடனே ஒனக்கு வெளங்கியிருக்கும்ல?” அந்த அக்காவுக்கு அன்றைய பாசி வேலை போயிற்று. துண்டறிக்கை யாருக்காக அச்சிடப்பட்டதோ அவரிடமே அது போய்ச் சேரவில்லை. கடலடியைக் கையால் தொட்டு வாழ்கிறவருக்கு, அதன் பெயரை நாமே மறைத்து எழுதினால் வேறென்ன நடக்கும்?

ஆங்கிலத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள் அடங்கியிருக்கிறது என்பதைக் கடிதங்களைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டேன். ஆங்கில அகராதிகள் அதை ஒரே சொல்லாகக் காட்டுவதில்லை. ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு மூன்று தனிச் சொற்களாகப் பிரித்தே பதிவு செய்கின்றன. நிலம் மேடாக எழும்பி நிற்பது ஒன்று. ஆற்றின் கரை, வரப்பு, மணல் மேடு, பனிக் குவியல், வானத்தில் சுவர்போல் அடுக்கி நிற்கும் மேகத்திரள், கடலடி மேடு எல்லாம் இதன் வழிவந்தவை. உச்சிப்புளியில் உள்ள ஐஎன்எஸ் பருந்து கடற்படை வானூர்தித் தளத்திலிருந்து எழும் விமானங்கள் எங்கள் தலைக்கு மேல் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புகின்றனவே, அந்தச் சாய்வுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அடுப்பு நெருப்பை அணைந்துவிடாமலும் எரிந்து தீராமலும் சாம்பலால் மூடிக் கனலாக வைப்பதையும் இச்சொல்லாலேயே குறிக்கிறார்கள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசிக் கரிமூட்டம் போடுகிற எங்கள் மாவட்டத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நெருப்பை மூடி அடக்கி வைப்பது என்றால் போதும், சட்டென்று பிடித்துக்கொள்வார்.

இன்னொன்று இருக்கையிலிருந்து வந்தது. இத்தாலிய நகரங்களில் நாணயம் மாற்றிக் கொடுத்தவர்கள் தெருவில் நீளப் பலகை போட்டு உட்கார்ந்து தொழில் செய்தார்கள். அந்தப் பலகைக்கு உரிய பெயரே பிறகு அந்தத் தொழிலுக்கும், அது நடக்கும் கட்டடத்துக்கும் ஆயிற்று. நொடித்துப் போனவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் உள்ளேயும் ‘பலகை உடைந்தது’ என்பதுதான் இருக்கிறது. பழைய கப்பல்களில் துடுப்பு வலிப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்த பலகையிலிருந்து, எதுவானாலும் ஒரு வரிசையாக இருந்தால் அதற்கு இச்சொல் என்ற பொருளும் கிளைத்தது. மேட்டு நிலமும் மரப்பலகையும் வெகு காலத்துக்கு முன் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்பது மொழியாராய்ச்சியாளர் முடிவு.

இதில் எங்கள் கரைக்கு ஒரு தனிச் சொந்தம் உண்டு; அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பலகை ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே போர்த்துக்கீசியரோடு இந்தக் கடலுக்கு வந்துவிட்டது. 1520களிலேயே தூத்துக்குடியைச் சுற்றிய முத்துக்குளித்துறைக்கு வந்தவர்கள் அவர்கள்; மண்டபத்துக்கு அருகே வேதாளையில் 1538இல் அவர்களுக்கும் மரைக்காயர் படைக்கும் பெரும் சண்டை நடந்தது. அவர்களுடைய ‘பாங்கோ’ என்ற சொல் தமிழில் ‘வாங்கு’ ஆயிற்று. நீள இருக்கை என்று பொருள். மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் வீடுகளுக்கு மனு விஷயமாகப் போனால், ‘வாங்கிலை இருங்கோ’ என்றுதான் இன்றும் உபசரிக்கிறார்கள். பின்னால் ஆங்கிலம் வழியாக ‘பெஞ்சு’ வந்தது; அதுவும் அதே குடும்பத்துச் சொல். அதற்கும் பின்னால் பணம் போடும் இடமாக வந்தபோது, பழைய எழுத்தாளர்கள் அதைப் ‘பாங்கி’ என்று எழுதினார்கள். அகப்பொருள் இலக்கணம் படித்தவர்களுக்குப் பாங்கி என்றால் தலைவியின் தோழி. கீழக்கரையில் ‘பாங்கு’ என்றால் தொழுகைக்கு அழைக்கும் குரல். ‘வங்கி’ என்ற இன்றைய வடிவமும் தோளில் அணியும் நகையின் பெயராக முன்பே தமிழில் இருந்ததுதான். இவ்வளவு நெருக்கடிக்கு நடுவில் ‘வங்கி’ என்ற சொல் பணத்துக்கென்று நிலைத்து நின்றது நல்ல காரியம். நிலைத்த சொல்லை அதன் வேலையைச் செய்ய விடவேண்டும்; கடலுக்கு அடியில் கொண்டு போய்ப் போட வேண்டியதில்லை.

பணத்தோடு ஒப்பிட்டுப் பிறந்த சேர்க்கைகளில் ‘வங்கி’ சரியாகவே பொருந்துகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1937இல் சிகாகோ நகர மருத்துவமனை ஒன்றில் பெர்னார்ட் ஃபான்டஸ் என்ற மருத்துவர் குருதியைச் சேமித்து வைக்கும் பிரிவைத் தொடங்கி, அதற்கு இந்தப் பெயரை வைத்தபோது, போட்டு வைத்ததைத் தேவைப்படும்போது எடுக்கலாம் என்ற எண்ணத்தில்தான் வைத்தார். ஆகவே இரத்த வங்கி, கண் வங்கி, விதை வங்கி எல்லாம் பழுதில்லாத மொழிபெயர்ப்புகள். 1950களில் சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் எழுத்தில் தோன்றிய ‘வாக்கு வங்கி’யும் அந்த எண்ணத்திலேயே பிறந்தது. ஆனால் கடலடி மேட்டுக்கும் இந்தச் சேமிப்புக்கும் எந்த உறவும் இல்லை. அங்கே மீனை யாரும் போட்டு வைக்கவில்லை. ‘மீன் வங்கி’ என்று எழுதியவர் ஒருவேளை, மீன் நிறையக் கிடைக்கும் சேமிப்புக் கிடங்கு என்று தாமே பொருள் பண்ணிக்கொண்டிருக்கலாம். கேட்க அழகாக இருக்கும் அந்த விளக்கம் தவறானது என்பதோடு, எடுக்க எடுக்க வட்டியோடு வரும் என்ற நினைப்பையும் படிப்பவர் மனத்தில் விதைத்துவிடும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இருக்கும் கிராண்ட் பேங்க்ஸ் என்ற கடலடி மேடுகளில் நூற்றாண்டுக் கணக்கில் காட் மீன் பிடித்தார்கள். பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து வாரிய பிறகு மீன் அற்றுப்போய், 1992இல் அந்நாட்டு அரசு மீன்பிடிப்பையே தடை செய்ய நேர்ந்தது. பல்லாயிரம் பேர் தொழில் இழந்தார்கள்.

தாங்கள் ‘பேங்க்’ என்பதை எப்போதும் தவறாக எழுதுகிறீர்கள் என்று சொல்லமாட்டேன். யோர்தான் ஆற்றின் மேற்கே உள்ள பாலஸ்தீனப் பகுதியை ஆங்கிலத்தில் இதே சொல்லோடுதான் குறிக்கிறார்கள். தமிழ் நாளிதழ்கள் ஒன்றுவிடாமல் ‘மேற்குக் கரை’ என்றே எழுதுகின்றன. ‘மேற்கு வங்கி’ என்று ஒருவரும் எழுதியதில்லை. 2022இல் இலங்கையில் விலைவாசி தாங்காமல் கைக்குழந்தைகளோடு வந்தவர்களைப் படகுக்காரர்கள் அரிச்சல்முனைக்கு அருகே இறக்கிவிட்டுப் போனபோது, அந்த இடத்தை ‘மணல் திட்டு’ என்றே தமிழ் நாளிதழ்கள் எழுதின; தாங்களும் அப்படியே எழுதினீர்கள். ஆங்கிலத்தில் அதுவும் ஒருவகை ‘பேங்க்’தான். ஆற்றுக்குக் கரை, மணலுக்குத் திட்டு என்று கைக்குப் பழகிய சொல் தானாக வந்து விழுகிறது. ஆழ்கடலுக்குள் போனதும்தான் அந்தக் கை தடுமாறுகிறது. அங்குள்ள சொல் செய்தி அறைக்கு எட்டவில்லை என்பதே காரணமாக இருக்கவேண்டும். அதை எட்டச் செய்வது கரையில் இருக்கும் எங்கள் கடமையும்கூட.

பார் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கடலடி எல்லா இடத்திலும் ஒரே சேறாகவோ மணலாகவோ இருப்பதில்லை. சில இடங்களில் பாறையும் முருகைக்கல் எனும் பவளப்பாறையும் சேர்ந்து, சுற்றியுள்ள அடிநிலத்தை விட உயர்ந்து, நீளவாக்கில் பரந்து கிடக்கும். அங்கே ஆழம் குறைவதால் வெயில் அடிவரை இறங்கும். நீரோட்டம் மேட்டில் மோதி மேலெழும்பும்போது அடியிலுள்ள சத்தும் மேலே வரும். பாசியும் நுண்ணுயிரும் தழைக்கும். அவற்றைத் தின்ன மீன் வரும். பிடித்துக்கொள்ளக் கெட்டியான தரை இருப்பதால் முத்துச்சிப்பி ஒட்டிக்கொள்ளும். கரையிலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே தெரியாது, வெறும் தண்ணீர்தான். கோயில் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் உயர்ந்த பனையையும் ஒன்றோடொன்று நேர்வைத்தும், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் ஆழம் பார்த்தும், குண்டின் அடியில் ஒட்டி வருவது சேறா, மணலா, சிப்பித்தூளா என்று விரலால் தேய்த்துப் பார்த்தும் எங்கள் பெரியவர்கள் ஒவ்வொரு பாரையும் கண்டு பெயர் வைத்தார்கள். இரண்டு கை நீட்டிய அகலம் ஒரு பாகம். பாரின் ஆழத்தை இன்றும் இத்தனை பாகம் என்றே சொல்கிறார்கள், படகில் ஜிபிஎஸ் வந்த பிறகும்.

தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தோலாயிரம் பார் உலகறிந்த முத்துப்பார். இந்தியப் பக்கத்தில் 1955 முதல் நடந்த முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. அதன் பிறகு முத்துக்குளிக்கும் அளவுக்குச் சிப்பி விளையவில்லை. ஆனால் பார் அங்கேயேதான் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. தாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிகளை ஆராய வந்த வில்லியம் ஹெர்ட்மனும், அவரோடு வேலை செய்து பின்னாளில் சென்னை மாகாண மீன்துறைக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் ஹார்னெலும், தங்கள் ஆங்கில அறிக்கைகளில் ‘பார்’ என்ற நம் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். தங்கள் மொழியில் ‘பேர்ல் பேங்க்’ என்ற பெயர் தயாராக இருந்தும், ஒவ்வொரு பாரையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் அது போதவில்லை என்று கண்டு, முக்குளிப்பவர்களிடம் கேட்டு வாங்கி எழுதினார்கள். ஆங்கிலேயர் மதித்து எடுத்துக்கொண்ட சொல்லை நாம் எறிந்துவிட்டு, அவர்களுக்கே போதாமற்போன சொல்லை எடுத்து, அதையும் தப்பாக மொழிபெயர்க்கிறோம்.

கடலில் மட்டும் வாழ்கிற சொல்லும் அன்று இது. பரமக்குடிப் பக்கம் பருத்தியோ மிளகாயோ போடுகிற விவசாயியிடம் கேளுங்கள். நிலத்தை உழுது, வாய்க்காலும் மேடுமாகப் பிரித்து, அந்த மண்மேட்டுக்குப் ‘பார்’ என்றே பெயர் சொல்வார். வேளாண்மைத் துறையின் கையேடுகளிலும் ‘பார் பிடித்தல்’ என்ற தொடர் இருக்கிறது. வயலில் மேடாக எழும்பிய மண்ணுக்கும் கடலடியில் மேடாக எழும்பிய பாறைக்கும் ஒரே சொல் என்பதைப் பார்க்கும்போது, எங்கோ வடகடல் நாடுகளில் பிறந்த ‘பேங்க்’ என்ற சொல்லும் இங்கே நம் மண்ணில் பிறந்த சொல்லும் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மகிழ்ச்சியைத் தங்களோடு பகிர்ந்துகொள்வதும் இக்கடிதத்துக்கு ஒரு காரணம்.

கேரளத்தைப் பாருங்கள். ஆலப்புழைக் கரையில் மழைக்காலத்தில் உருவாகும் சேற்றுத் திட்டை ஆங்கிலத்தில் ‘மட் பேங்க்’ என்கிறார்கள். மலையாள நாளிதழ் எதுவும் அதைச் ‘சேற்று வங்கி’ ஆக்கவில்லை. மீனவர் வாயில் உள்ள ‘சாகர’ என்ற சொல்லே தலைப்பில் வருகிறது. ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரைகளும் அந்தச் சொல்லைச் சேர்த்தே எழுதுகின்றன.

தங்கள் உதவி ஆசிரியர்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்லக்கூடும், அது நியாயமானதும்கூட. இன்றைய தமிழ்நாட்டில் ‘பார்’ என்று தனியாக எழுதினால் படிப்பவர் மனத்தில் முதலில் வருவது மதுக்கூடம்தான். ‘பார்’ என்றால் உலகம், பார் என்றால் பார்த்தல் ஏவல் என்று வேறு பொருள்களும் குறுக்கே நிற்கும். அதுவும் ஆங்கிலத்தில் ‘பேங்க்’ படும் பாட்டைப் போன்றதே. ஆனால் அதற்கு வழி எளிது. முத்துக்கு முத்துப்பார் என்பது எழுத்திலேயே பழகிய சொல். மற்றவற்றுக்குக் ‘கடற்பார்’ என்று ஓர் அடைமொழி சேர்த்துவிட்டால், மீன்பிடி அறியாத மதுரை வாசகருக்கும் மயக்கம் வராது; எங்கள் பாம்பன் தெற்குவாடியில் நின்று உரக்கப் படித்தாலும் எவரும் நிமிர்ந்து பார்த்து ‘என்ன?’ என்று கேட்க மாட்டார்கள். குமரிக்குத் தெற்கே உள்ள பகுதியை ‘வாட்ஜ் கடற்பார்’ என்று எழுதலாம். பருத்தித்துறைக்கு அப்பால் இலங்கைப் பக்கம் உள்ளதைப் ‘பருத்தித்துறைக் கடற்பார்’ என்று எழுதலாம். முதல் முறை எழுதும்போது ‘கடலுக்கு அடியில் மேடாக உள்ள மீன்வளப் பகுதி’ என்று ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால், பத்து நாளில் அது செய்திச் சொல்லாகிவிடும். ‘ஆழிப்பேரலை’யைத் தமிழ்ச் சமூகம் எவ்வளவு விரைவில் பழகிக்கொண்டது என்பதைத் தாங்களே பார்த்திருக்கிறீர்கள்.

வாட்ஜ் பகுதியைப் பொறுத்தவரை இந்தத் திருத்தம் மிக அவசரமானது என்று கருதுகிறேன். 1974இல் கச்சத்தீவு இலங்கை வசம் போனதும், 1976 மார்ச் 23இல் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கப்பட்டதும், அதையொட்டி வாட்ஜ் பகுதி முழுவதும் இந்தியாவுக்கு உரியது என்று உறுதியானதும் எங்கள் வாழ்க்கையோடு பிணைந்த செய்திகள். தேர்தல் வந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசாத மேடையே இல்லை. சென்ற தேர்தலின்போது, கல்லூரியில் படிக்கும் ஒரு மீனவர் மகன், படகுச் சான்றிதழ் சம்பந்தமான மனுவுக்காக என்னிடம் வந்திருந்தவன், “சார், கச்சத்தீவைக் கொடுத்துட்டுப் பதிலுக்கு ஏதோ ஒரு பேங்கை வாங்கிக்கிட்டாங்களாமே, அது எந்த ஊருல இருக்கு?” என்று கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. நாளிதழ் படிக்கிற பையன். அந்த ஒப்பந்தத்தால் எது வந்தது, எது போனது என்று அவன் தன் அறிவைக் கொண்டு எடை போட வேண்டுமானால், அங்கே இருப்பது ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரந்த ஒரு கடற்பார் என்பதும், அது ராமேசுவரத்துப் படகுகள் நாள்தோறும் போய்த் திரும்பும் பாக்கு நீரிணையில் இல்லை, குமரிக்குத் தெற்கே வெகு தூரத்தில் இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும். வரைபடத்தை விரித்து அவனுக்கு அதைக் காட்டினேன். காட்ட ஆள் இல்லாத ஊர்களில் எத்தனை பேர் அந்தக் கேள்வியோடு இருப்பார்கள் என்று அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, கடல் செய்திகளில் ‘பேங்க்’ வரும் இடத்தில், அது பாறை நிலமானால் கடற்பார் என்றும், மணலானால் மணல் திட்டு என்றும், ஆறானால் கரை என்றும், கண்மாயானாலும் கரை என்றும் எழுதும்படி தங்கள் செய்தி அறைக்குச் சொல்லுங்கள். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர் பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாயின் கரையைப் பற்றி ஆங்கிலக் குறிப்பிலிருந்து செய்தி எழுதினாலும் இது தப்பாமல் இருக்க வேண்டும். இரண்டாவது, பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர், இந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் உள்ள வயதானவர்களிடம் பார்களின் பெயர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் திசையோடும் பாகக் கணக்கோடும், தங்கள் ஞாயிறு மலரில் வாரம் ஒன்றாக வெளியிடுங்கள். முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதில் மூழ்கியவர்களில் உயிரோடிருப்பவர்கள் எண்பது வயதைத் தாண்டியவர்கள். சங்கு குளிப்பவர்களும் குறைந்து வருகிறார்கள். ஜிபிஎஸ் கருவியில் ஒரு பார் வெறும் எண்ணாகத்தான் பதிகிறது. அந்த எண்ணை அழுத்திப் போகிற இளைஞர்களுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை.

முன்பு சொன்ன அந்தப் பெரியவரிடம் இந்தக் கடிதத்தின் முதற்படியைப் படித்துக் காட்டினேன். காது கேளாததால் நான் கத்திப் படிக்க வேண்டியிருந்தது. கடையில் இருந்தவர்களும் கூடிவிட்டார்கள். அவர் தம் பங்குக்குப் பதினான்கு பார்களின் பெயர்களைச் சொன்னார். பக்கத்தில் இருந்த இன்னொருவர் இரண்டு பெயரைத் திருத்தினார். அதன் மேல் இருவருக்கும் வாக்குவாதம் வந்து, மறுநாள் ஒரு சம்மாட்டியை (படகு உடைமையாளரை) கேட்டு முடிவு செய்வதாகப் பிரிந்தார்கள். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முடிவு தெரிந்ததும் தாங்கள் விரும்பினால் அனுப்பி வைக்கிறேன். தங்கள் செய்தியாளர் நேரில் வருவதானால், தடைக்காலத்தில் வந்தால் எல்லோரும் கரையில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்றாட வாசகன்,
மனு எழுதுபவர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.